கொலஸ்ட்ராலும் மார்பக கேன்சரும்: கவுண்டர்ல திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு ஃபார்மசில பார்மசிஸ்டா இருக்கேன். கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்க வர்றவங்க ஒரு பக்கம், மார்பக கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு ஹார்மோன் மாத்திரை (ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனோட வேலைய அடக்குற மாத்திரை) சாப்பிடுறவங்க ஒரு பக்கம், ரெண்டையும் சேத்து சாப்பிடுற அக்காமார், ஆண்ட்டிமாரும் நிறைய பேர். "கொலஸ்ட்ரால்தான் கேன்சருக்கு தீனி"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது, அதை படிச்சுட்டு சிலர் ஹார்மோன் மாத்திரைய ஓரம் வச்சுட்டு கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க, வேற சிலர் பயந்துபோய் சாப்பாட்டையே குறைச்சுட்டாங்க. அந்த செய்திக்குப் பின்னாடி உண்மையான ஆராய்ச்சி இருக்கு, ஆனா ஆராய்ச்சி சொல்றது வேற, செய்தி சொல்றது வேற. அதனாலதான் கேள்வி எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கேன்.

"கொலஸ்ட்ரால்னா ஹார்ட் சமாச்சாரம் தானே, மார்புல கட்டி வர்றதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ரத்தக் குழாய்ல படியிற அழுக்கு மாதிரிதான் நாம கொலஸ்ட்ராலை நினைச்சு வச்சிருக்கோம். ஆனா உடம்புல ஒவ்வொரு செல்லோட மேல்சவ்வுக்கும் அது வேணும், பித்தநீர், ஈஸ்ட்ரோஜன் ரெண்டுமே அதுலருந்துதான் உருவாகுது. பெரும்பகுதிய நம்ம உடம்பே செஞ்சுக்குது, முக்கியமா ஈரல்.

வேலை முடிஞ்ச கொலஸ்ட்ரால் அப்படியே உடம்ப விட்டு போறதில்ல. உடம்பு அதை கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வெளிய அனுப்புது, அந்த மாத்துற வழியில சில துணைப்பொருள் உண்டாகுது. அதுல ஒண்ணு ரெண்டு சும்மா கழிவா போகாம செல்லுக்கு உத்தரவு போடுற வேலையும் பாக்குது. மார்பக கேன்சர் விஷயத்துல பேச்சே அந்த துணைப்பொருளைப் பத்திதான், கொலஸ்ட்ராலைப் பத்தி நேரடியா இல்ல.

"அந்த துணைப்பொருளுக்கு பேர் என்ன, நாம சாப்பிடுற சாப்பாட்டுல இருந்து வருதா?"

அதிகம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது 27-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால் மேல. பேர் நீளம், அதனால கீழ எல்லாம் 27னு மட்டும் எழுதறேன். கொலஸ்ட்ராலோட ஒரு ஆக்ஸிஜனை ஒட்ட வச்சு இதை உண்டாக்குறது சி.ஒய்.பி 27ஏ1ங்கிற என்சைம், அது ஈரல்ல இருக்கு, மேக்ரோபேஜ்னு சொல்ற வெள்ளை அணுக்கள்லயும் நிறைய இருக்கு. உண்டான 27ஐ உடைச்சு வெளியேத்துறதுக்கு சி.ஒய்.பி 7பி1னு இன்னொரு என்சைம் இருக்கு. உண்டாக்குற கை ஒண்ணு, உடைக்கிற கை ஒண்ணுன்னு ஞாபகம் வச்சுக்குங்க, கீழ ரெண்டு மூணு கேள்விக்கு இது தேவைப்படும்.

சாப்பாட்டுல இருந்து இது நேரா வர்றதில்ல. கருவாடு, பால் பவுடர், உலர்ந்த இறால் மாதிரி சாமான்ல காத்து பட்டு சூடு பட்டு கெட்டுப்போன வேற வகை கொலஸ்ட்ரால் கொஞ்சம் இருக்கும், அது வேற கதை. 27 நம்ம உடம்புக்குள்ளதான் உருவாகுது, ஆனா ரத்தத்துல கொலஸ்ட்ரால் ஏற ஏற 27ம் சேந்து ஏறுது, அந்த வகையில சாப்பாட்டுக்கும் மறைமுகமா ஒரு தொடர்பு உண்டு.

"சரி, அது கேன்சர் செல்லை எப்படிதான் வளக்குது?"

மார்பக கேன்சர்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்கிற வகை. செல்லுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு, ஈஸ்ட்ரோஜன் வந்து திறந்தா செல் பெருக ஆரம்பிக்குது. 27 ஒரு கள்ளச்சாவி மாதிரி. ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு சுலபமா திறக்காது, ஆனா திறக்கும். மெனோபாஸ் ஆகி, அதாவது மாதவிலக்கு நின்னு, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சுபோன உடம்புல, இல்ல மருந்து போட்டு ஈஸ்ட்ரோஜனை அடக்கி வச்சிருக்கிற உடம்புல, அந்த கள்ளச்சாவி பெரிய விஷயமாயிடும், ஏன்னா கொலஸ்ட்ரால் மட்டும் குறையாம அப்படியேதான இருக்கு.

இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நடந்துக்காது. ரத்தக் குழாய்ல 27 ஈஸ்ட்ரோஜனோட நல்ல வேலைய தடுக்குது, மார்பக கேன்சர் செல்லுல ஈஸ்ட்ரோஜன் மாதிரியே தூண்டி விடுது. மார்பக கேன்சருக்கு கொடுக்குற தமோக்ஸிஃபென்ங்கிற ஹார்மோன் மாத்திரையும் இந்த மாதிரிதான், ஒரு இடத்துல தடுக்கும், இன்னொரு இடத்துல தூண்டும், என்ன, அது மார்புல தடுக்குது. இதோட 27க்கு எல்.எக்ஸ்.ஆர்னு இன்னொரு ரிசெப்டரும் பிடிமானம், அது வழியா செல் இடத்த விட்டு நகந்து பரவறதுக்கு உதவுதுன்னு எலி ஆய்வுல பாத்திருக்காங்க.

"இதை யாரு கண்டுபிடிச்சா? எலிக்கு செஞ்சு பாத்துட்டு நமக்கு சொல்றாங்களா?"

2007ல அமெரிக்காவுல டல்லாஸ்ல ஒரு குழு 27 ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்ல போய் ஒட்டுதுன்னு காட்டினாங்க, அவங்க அப்போ பாத்தது ரத்தக் குழாய. கேன்சர் பக்கம் பெரிய செய்தியானது 2013 நவம்பர்ல. ட்யூக் பல்கலைக்கழகத்துல டொனால்ட் மெக்டோனல், எரிக் நெல்சன் குழு ஒரு பக்கம், டல்லாஸ்ல ஃபிலிப் ஷால் குழு இன்னொரு பக்கம், ஒரே மாசத்துல தனித்தனியா வெளியிட்டாங்க. ட்யூக் ஆளுங்க எலிக்கு கொலஸ்ட்ரால் கூடின தீனி போட்டப்ப கட்டி வேகமா வளந்துச்சு, ஆனா அந்த 27ஏ1 என்சைமை மருந்து போட்டு அடக்கினப்ப அந்த வேகம் குறைஞ்சுது. அப்போ வேலைய பாக்குறது கொலஸ்ட்ரால் இல்ல, அதுலருந்து வர்ற 27னு புரிஞ்சுது. எனக்கு இந்த ஆராய்ச்சியிலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா "தொடர்பு இருக்கு"ன்னு சொல்லிட்டு விடாம எந்த கண்ணி வழியா போகுதுன்னு அந்த கண்ணியையே அறுத்து பாத்திருக்காங்க.

மனுஷங்க பக்கமும் பாத்திருக்காங்க. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய சோதிச்சப்ப, கிரேடு கூடின, அதாவது வீரியம் கூடின கட்டியில 27ஏ1 என்சைம் கூடுதலா இருந்துச்சு, கேன்சர் செல்லுல மட்டுமில்ல, கட்டிக்குள்ள போய் உக்காந்திருக்கிற மேக்ரோபேஜ்லயும். டல்லாஸ் குழு என்ன பாத்தாங்கன்னா, கேன்சர் வந்தவங்களோட மார்புல நல்ல திசுவுலயே 27 கூடுதலா இருந்துச்சு, கட்டிக்குள்ள அதைவிட கூடுதல். அதோட உடைக்கிற கைன்னு சொன்னேனே, அந்த 7பி1 குறைவா இருந்த கட்டிக்காரங்க உயிரோட இருந்த காலமும் குறைவு. ஆனா ஒண்ணு, கட்டியில என்ன இருக்குன்னு பாக்குறது வேற, 27ஐ குறைச்சா மனுஷன் பிழைக்கிறானான்னு பாக்குறது வேற. ரெண்டாவது கேள்விக்கு பதில் இன்னும் முழுசா வரல, கீழ ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலை குறைக்கிற மாத்திரை வகை) கேள்வில சொல்றேன்.

"எனக்கு மொத்த கொலஸ்ட்ரால் 6.8. அப்போ எனக்கு கேன்சர் வரப்போகுதா?"

அப்படி அர்த்தம் இல்லவே இல்ல. நம்ம நாட்டு சுகாதார அமைச்சோட 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.2 மில்லிமோலுக்கு மேல இருக்கு. அவங்க எல்லாருக்கும் மார்பக கேன்சர் வர்றதில்ல. கொலஸ்ட்ரால் அதிகமானவங்களுக்கு இந்த கேன்சர் கூடுதலா வருதான்னு பல நாட்டுல ஆயிரக்கணக்கான பெண்களை வச்சு பாத்திருக்காங்க, முடிவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல.

6.8க்கு நீங்க பயப்பட வேண்டியது ஹார்ட்டுக்கும் ஸ்ட்ரோக்குக்கும், அதுல சந்தேகமே கிடையாது. மார்பக கேன்சர்ல உறுதியா தெரிஞ்ச காரணம் எல்லாம் வேற: வயசு, குடும்பத்துல அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ வந்திருக்கறது, பி.ஆர்.சி.ஏ மாதிரி ஜீன் மாற்றம், மெனோபாஸுக்கு அப்புறம் எடை கூடுறது, மது. இந்த வரிசையில கொலஸ்ட்ராலை இன்னும் யாரும் சேக்கல.

"அம்மாவோட ரிப்போர்ட்ட எடுத்துட்டு வந்திருக்கேன், இதுல எங்க பாக்கணும்?"

பயாப்ஸி ரிப்போர்ட்ல கடைசிப் பக்கத்துக்கு பக்கத்துல மூணு வரி சேந்தாப்புல இருக்கும்: இ.ஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்), பி.ஆர் (புரோஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு பெண் ஹார்மோனோட ரிசெப்டர்), ஹெர்2 (செல்லை வளரச் சொல்ற ஒரு புரதம்). போன மாசம் ஒரு பொண்ணு மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்சுபோன ரிப்போர்ட்ட கொண்டாந்து விரிச்சாங்க, அதுல "இ.ஆர் பாசிட்டிவ், 90 விழுக்காடு"ன்னு இருந்துச்சு. நூறு கேன்சர் செல்லுல 90ல ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்குன்னு அர்த்தம். அந்த பொண்ணு 90ஐ பாத்துட்டு "கேன்சர் 90 விழுக்காடு பரவிடுச்சா"ன்னு கேட்டாங்க, பாவம், ராத்திரி பூரா தூங்கல. அப்படி இல்லம்மா, ஹார்மோன் மாத்திரைக்கு நல்லா கேக்குற வகைன்னு சொன்னதும்தான் முகமே மாறுச்சு.

27 பத்தின பேச்சு முக்கியமா இந்த இ.ஆர் பாசிட்டிவ் வகைக்குத்தான்.

"ட்ரிபிள் நெகட்டிவ்னு போட்டிருந்தா இந்த கதை நமக்கு கிடையாதா?"

மேல சொன்ன மூணுமே நெகட்டிவா இருக்கிற வகைதான் ட்ரிபிள் நெகட்டிவ். பூட்டே இல்லாத செல்லுல கள்ளச்சாவிக்கு வேலை இல்ல, அந்த வழி மூடியிருக்கு. ஆனா எல்.எக்ஸ்.ஆர் வழியும், கீழ சொல்லப்போற நோய் எதிர்ப்பு வழியும் இ.ஆர் நெகட்டிவ்லயும் இருக்கலாம்னு ஆய்வுக்கூடத்துல பாத்துட்டு இருக்காங்க. சிகிச்சைய மாத்துற அளவுக்கு அதுல எதுவும் இன்னும் இல்ல.

"கேன்சர் மத்த இடத்துக்கு பரவறதுக்கும் இதுதான் காரணம்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?"

எலியில உண்மை. 2017ல எரிக் நெல்சன் குழு, இந்த முறை இல்லினாய் பல்கலைக்கழகத்துலருந்து, 27 நோய் எதிர்ப்பு அணுக்களையே குழப்புதுன்னு காட்டினாங்க. கட்டி பரவப்போற இடத்துல நியூட்ரோஃபில் மாதிரி அணுக்கள் கூடுது, கேன்சர் செல்லை நேரா கொல்ற சி.டி8 டி செல் குறையுது. காவலுக்கு நிக்க வேண்டியது போயி, வழி விடுறது வந்து உக்காந்துக்குது.

2021ல மெக்டோனல் குழு இன்னொண்ணு சொன்னாங்க, அது எனக்கு ரொம்ப யோசிக்க வச்ச விஷயம். ரொம்ப நாள் 27லயே ஊறிப்போன கேன்சர் செல்லுல நிறைய செத்துப்போகுது, ஏன்னா அதிகமான 27 அதுக்கும் கஷ்டம்தான், ஆனா தப்பிச்சு மிஞ்சினது இருக்கே, அது ரொம்ப கெட்டி. ஃபெரோப்டோசிஸ்னு ஒரு சாவு வகை இருக்கு, செல்லோட கொழுப்பு எல்லாம் ஆக்ஸிஜனேற்றத்துல கெட்டுப்போயி செல் சாகுறது, மிஞ்சின செல்லு அதை தாங்குற சக்திய வளத்துக்குது. அந்த சக்திதான் ரத்தத்துல தனியா நீந்தி வேற உறுப்புல போயி பிழைக்கிறதுக்கும் உதவுது. கொலஸ்ட்ரால் அதிகமா இருக்கிற நிலைமை வருஷக் கணக்கா நீடிச்சா என்ன ஆகும்னு யோசிக்க வைக்குது இது, ஆனா திரும்பவும் சொல்றேன், செல்லுலயும் எலியிலயும் பாத்தது.

"ரத்த டெஸ்ட்ல இந்த 27ஐ பாக்க முடியுமா, எவ்வளவு ஆகும்?"

ஆராய்ச்சிக்கூடத்துல மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிங்கிற மெஷின்ல அளக்குறாங்க. ஆஸ்பத்திரில வழக்கமா பண்ற டெஸ்ட் இல்ல, சாதாரண லிப்பிட் டெஸ்ட்லயும் இது வராது. யாராவது காசு வாங்கிட்டு "ஆக்ஸிஸ்டெரால் கேன்சர் பேனல்"னு எடுத்துத் தர்றேன்னா வேணாம்னு சொல்லுங்க. எவ்வளவு இருந்தா ஆபத்து, எவ்வளவு இருந்தா பரவால்லன்னு ஒரு கோடே இன்னும் போடல, நம்பர் கையில வந்தாலும் எந்த டாக்டராலயும் அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

"கூகுள்ல பாத்தேன், 27 கூட இருந்தவங்களுக்கு கேன்சர் கம்மின்னு போட்டிருக்கு. எதை நம்புறது?"

சரியாத்தான் படிச்சிருக்கீங்க. 2019ல ஜெர்மனி ஹைடெல்பெர்க்ல, பல வருஷத்துக்கு முன்னாடியே ரத்தம் கொடுத்து வச்சிருந்த பெண்களைத் தொடர்ந்து பாத்த ஆய்வு அது. மெனோபாஸ் ஆனவங்கள்ல ரத்தத்துல 27 கூடுதலா இருந்தவங்களுக்கு மார்பக கேன்சர் குறைவாதான் வந்திருந்துச்சு. எதிர்பாத்ததுக்கு நேர் எதிர்.

என் கருத்துல இதுக்கும் மேல சொன்னதுக்கும் முட்டல் மோதல் இருந்தே தீரணும்னு இல்ல. ரத்தத்துல ஓடுற 27 வேற, மார்புத் திசுவுக்குள்ள தேங்கி நிக்கிற 27 வேற. உடைக்கிற கை கட்டிக்குள்ள ஓஞ்சுபோனா, ரத்தத்துல அளவு சாதாரணமா இருந்தாலும் உள்ள மட்டும் சேந்துடும். இன்னொண்ணு, கேன்சர் புதுசா வர்றது ஒரு கட்டம், வந்த கேன்சர் வளர்றதும் பரவறதும் வேற கட்டம், எலி ஆய்வு பெரும்பாலும் பேசுறது ரெண்டாவதைப் பத்தி. 27 ஈஸ்ட்ரோஜனை விட பலம் குறைஞ்ச சாவிங்கிறதால, நல்ல நிலைமையில இருக்கிற மார்புல அது ஈஸ்ட்ரோஜனோட இடத்த பிடிச்சுக்கிட்டு தூண்டுதலை குறைக்கவும் வாய்ப்பு இருக்கு. அதனாலதான் ரத்தத்துல டெஸ்ட் எடுத்து பயப்படுறதுல அர்த்தம் இல்லன்னு முந்தின பதில்ல சொன்னேன்.

"அப்போ சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டா கேன்சர் திரும்ப வராதுல்ல?"

இதுதான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். டென்மார்க்ல நாட்டுல இருக்கிற மார்பக கேன்சர் பதிவேட்டையும் மருந்துச்சீட்டு பதிவேட்டையும் இணைச்சு 18,769 பெண்களைப் பாத்தாங்க, 2011ல வெளியாச்சு. சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவங்கள்ல பத்து வருஷத்துல கேன்சர் திரும்பினது நூத்துக்கு ஏறக்குறைய 10 பேர் குறைவு. கொழுப்புல கரையிற வகை ஸ்டாட்டின்லதான் இந்த வித்தியாசம் தெரிஞ்சுது, தண்ணில கரையிற வகைல தெரியல. அப்புறம் 2017ல, லெட்ரோசோல்ங்கிற இன்னொரு ஹார்மோன் மாத்திரையையும் தமோக்ஸிஃபெனையும் ஒப்பிட்ட பிக் 1-98ங்கிற பெரிய ஆய்வுல இருந்த 8,000 பெண்களோட கணக்க திரும்பப் பாத்தப்ப, ஹார்மோன் மாத்திரையோட கொலஸ்ட்ரால் மருந்தும் ஆரம்பிச்சவங்களுக்கு நோய் திரும்பாம இருந்தது கூடுதல். ஸ்வீடன்ல மார்பக கேன்சர் வந்தவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் கொடுத்து பாத்ததுல ரத்தத்துல 27 குறைஞ்சுது.

கேக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கும் நம்பிக்கை இருக்கு. ஆனா டென்மார்க் கணக்கும் பிக் 1-98 கணக்கும், ஏற்கனவே சாப்பிட்டவங்களையும் சாப்பிடாதவங்களையும் ஒப்பிட்டது. ஸ்டாட்டின் சாப்பிடுறவங்க அடிக்கடி டாக்டர பாக்குறவங்களா இருப்பாங்க, மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறவங்களா இருப்பாங்க, நல்லது நடந்தது எதனாலன்னு பிரிச்சு சொல்ல முடியாது. அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் டென்மார்க்லயே 2020ல மாஸ்டர்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, இ.ஆர் பாசிட்டிவ் பெண்கள்ல குலுக்கல் முறைல பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. அந்த மாதிரி ஆய்வுலதான் உறுதியான பதில் கிடைக்கும்.

அதனால இப்போதைக்கு: உங்க கொலஸ்ட்ரால், சக்கரை, பிரஷர் கணக்குப்படி ஸ்டாட்டின் வேணும்னு டாக்டர் எழுதினா தைரியமா சாப்பிடுங்க, கேன்சர் சிகிச்சைக்கு அது எதிரின்னு எந்த ஆதாரமும் கிடையாது. கொலஸ்ட்ரால் சரியா இருக்கிறப்ப கேன்சருக்காக மட்டும் ஸ்டாட்டின் கேக்காதீங்க, வாங்கிக் கொடுன்னு என்னை கேட்டாலும் சீட்டு இல்லாம நான் கொடுக்க மாட்டேன்.

"லெட்ரோசோல் ஆரம்பிச்ச பிறகுதான் கொலஸ்ட்ரால் ஏறுச்சு. கொலஸ்ட்ரால் கேன்சரை வளக்கும்னா, லெட்ரோசோலை நிறுத்துறதுதானே சரி?"

தயவு செஞ்சு நிறுத்தாதீங்க. இந்த பக்கத்துல வேற எதையும் படிக்கலனாலும் இதை மட்டும் படிங்க. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன், தமோக்ஸிஃபென், இந்த மாத்திரைங்க கேன்சர் திரும்ப வர்றதைக் குறைக்கும்னு ஆயிரக்கணக்கான பெண்கள்ல குலுக்கல் முறை ஆய்வுல நிரூபிச்சாச்சு. 27 பத்தி அந்த அளவு நிரூபணம் இல்ல. நிரூபிச்சத விட்டுட்டு நிரூபிக்காதத பிடிக்கக் கூடாது.

கொலஸ்ட்ரால் ஏறுறது உண்மைதான். தமோக்ஸிஃபென் எல்.டி.எல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, கொஞ்சம் இறக்கும், லெட்ரோசோலுக்கு அந்த குணம் கிடையாது, அதனால ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு மாத்துறப்ப ரிப்போர்ட்ல நம்பர் எகிறுன மாதிரி தெரியும். ஒரு ஆண்ட்டி லெட்ரோசோல் 2.5 அட்டையையும் லிப்பிட் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இத பாருங்கன்னு காட்டினாங்க, அட்டைல பதினோரு மாத்திரை அப்படியே இருந்துச்சு. அவங்கள அன்னைக்கே கேன்சர் கிளினிக்குக்கு போன் பண்ண வச்சேன், டாக்டர் லெட்ரோசோலை தொடர சொல்லிட்டு கூடவே அட்டோர்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தாரு. தீர்வு அவ்வளவு சுலபமானது. மூட்டு வலி, சூடு அடிக்கிறதுன்னு வேற தொந்தரவு இருந்தாலும் சொல்லுங்க, மாத்திரைய மாத்தித் தர வழி இருக்கு.

"மாத்திரை வேணாம், சீனர் மருந்துக் கடைல அங்காக் கிடைக்குது, அது இயற்கை தானே?"

அங்காக்னு சொல்ற அந்த சிவப்பு அரிசில மொனகோலின் கேங்கிற பொருள் இருக்கு, அது லோவாஸ்டாட்டின் மாத்திரைல இருக்கிற அதே மருந்து. அதனால கொலஸ்ட்ரால் இறங்கத்தான் செய்யும், பக்க விளைவும் அதேதான், தசை வலி, ஈரல் என்சைம் ஏறுறது. ஒரு பொட்டலத்துல எவ்வளவு இருக்குன்னு தெரியாது, சிலதுல கிட்னிய கெடுக்குற சிட்ரினின்ங்கிற நச்சும் கலந்திருக்கும். ஏற்கனவே சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டுக்கிட்டு அங்காக்கும் வேக வச்சு குடிக்கிறது ஒரே மருந்த ரெண்டு தடவ சாப்பிடுற மாதிரி, தசை கரைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம். குடிக்கிறீங்கன்னா மறைக்காம சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்.

"முட்டை, நெய், தேங்காப்பால், இறால், இதுல எதை நிறுத்தணும்?"

27க்காகன்னு தனியா பத்தியம் எதுவும் கிடையாது. எல்.டி.எல்லை இறக்குற சாப்பாடுதான். முட்டைலயும் இறால்லயும் இருக்கிற கொலஸ்ட்ராலை விட, நெய், தேங்காப்பால், பாம் ஆயில், கொழுப்பு ஒட்டின ஆட்டுக்கறில இருக்கிற சாச்சுரேட்டட் கொழுப்புதான் எல்.டி.எல்லை அதிகமா ஏத்துது. பாம் ஆயில் போத்தல்ல "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு போட்டிருப்பாங்க, பொய் இல்ல, எந்த செடி எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனா அதுல பாதி சாச்சுரேட்டட்.

தினமும் காலையில மாமாக் கடைல ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணுன்னு பசியாறுறவங்க அதை வாரத்துல ஒரு நாளாக்கிட்டு மத்த நாள் இட்லி, தோசை, கடலை சுண்டல், ஓட்ஸ்னு மாத்தினா ரெண்டு மூணு மாசத்துல ரிப்போர்ட்ல வித்தியாசம் தெரியும். நாசி லெமாக் பிடிக்கும்னா பொரிச்ச கோழி இல்லாம சின்னப் பொட்டலம் போதும். கீமோ நடக்குறப்ப மட்டும் இந்த கணக்கெல்லாம் பாக்காதீங்க, அப்போ சாப்பிடுறதே பெரிய விஷயம், முட்டை நல்ல புரதம், தாராளமா கொடுங்க. கேன்சரை பட்டினி போடுறோம்னு நோயாளிய பட்டினி போட்டு எடை இறங்கிப்போயி அடுத்த கீமோவையே தள்ளிப் போட்ட கதை எனக்குத் தெரியும்.

"கொலஸ்ட்ரால்ல இருந்து கேன்சரை அடக்குற பொருளும் வருதாமே?"

வருது. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2013ல "டெண்ட்ரோஜெனின்-ஏ"ங்கிற ஒண்ணை கண்டுபிடிச்சாங்க, கொலஸ்ட்ராலும் ஹிஸ்டமினும் சேந்து உண்டாகுற பொருள், நல்ல திசுவுல இருக்கு, மார்பக கட்டியில ரொம்ப குறைஞ்சுபோகுது. அதே மூலப்பொருள்ல இருந்து வேற வழியா போனா ஓ.சி.டி.ஓங்கிற பொருள் வருது, அது கட்டிய வளக்குதுன்னு அதே குழு 2017ல காட்டினாங்க. கொலஸ்ட்ராலை மொத்தமா எதிரின்னு சொல்ல முடியாததுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஒரே இடத்துல கிளம்பி ஒண்ணு தடுக்கப் போகுது, ஒண்ணு வளக்கப் போகுது. கடைல கிடைக்குற டப்பா எதுலயும் டெண்ட்ரோஜெனின் கிடையாது, யாராவது இருக்குன்னு வித்தா வாங்காதீங்க.

"இவ்வளவும் படிச்சுட்டு பயமாயிருக்கு. நான் இப்போ போய் எதை செக் பண்ணணும்?"

கொலஸ்ட்ரால் டெஸ்ட்ட வச்சு மார்பக கேன்சரை கண்டுபிடிக்க முடியாது, மார்பை செக் பண்ணணும். நம்ம நாட்டுல பாதிக்கிட்ட பேர் மூணாவது, நாலாவது ஸ்டேஜ்லதான் ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க, எனக்கு 27ஐ விட இதுதான் பெரிய வேதனை. பக்கத்துல இருக்கிற கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) நர்ஸ் கையால மார்பை செக் பண்ணுவாங்க, கேக்க கூச்சப்படாதீங்க, லேடி நர்ஸ்தான். வேலை செஞ்சு பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டுறவங்களுக்கு 40 வயசானதும் இலவச சுகாதார பரிசோதனை இருக்கு, பெண்களுக்கு அதுல மேமோகிராமும் சேத்தி. எல்.பி.பி.கே.என்ங்கிற அரசாங்க குடும்ப மேம்பாட்டு வாரியத்துல மேமோகிராமுக்கு உதவித்தொகை கொடுக்குறாங்க, வருமான வரம்பு உண்டு, கேட்டுப் பாருங்க. கட்டி, தோல் உள்ள இழுக்கிறது, காம்புல ரத்தம், அக்குள்ல வீக்கம், இதுல எது இருந்தாலும் வலி இல்லன்னு விடாதீங்க, வலிக்காத கட்டியதான் நம்ம அக்காமார் தீபாவளி முடியட்டும், பிள்ளைக்கு பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடுறாங்க.

"27ஐ உண்டாக்குற என்சைமையே மருந்து போட்டு நிறுத்திட்டா முடிஞ்சுது தானே, ஏன் இன்னும் செய்யல?"

யோசிக்க வேண்டிய கேள்வி, பினாங்குல இருந்து ஒரு காலேஜ் பையன் அவங்க அம்மாவுக்காக கேட்டது. அந்த என்சைமுக்கு உடம்புல சொந்த வேலை இருக்கு, பித்தநீர் செய்யறதுக்கும் கொலஸ்ட்ராலை வெளியேத்துறதுக்கும் அது வேணும். பிறவிலயே 27ஏ1 வேலை செய்யாதவங்க உலகத்துல இருக்காங்க, ரொம்ப அபூர்வமான நோய், அவங்களுக்கு சின்ன வயசுலயே கண்ணுல புரை வருது, குதிகால் தசைநாண்ல கொழுப்புக் கட்டி வருது, அப்புறம் நடையும் மூளையும் பாதிக்குது. அதனால முழுசா நிறுத்துறது வழி இல்ல. எவ்வளவு அடக்கலாம், எவ்வளவு நாள் அடக்கலாம், கட்டிக்குள்ள மட்டும் அடக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி.

ஏற்கனவே கடைல இருக்கிற மருந்துங்களை இந்த என்சைம் மேல போட்டு 2015ல ஒரு குழு சோதிச்சாங்க. அடக்கின மருந்துங்கள்ல ஒண்ணு அனாஸ்ட்ரோசோல். ஈஸ்ட்ரோஜனை குறைக்க மார்பக கேன்சருக்கு வருஷக் கணக்கா கொடுத்துட்டு வர்ற அதே மாத்திரை. ஆய்வுக்கூடத்துல பாத்தது, நோயாளி சாப்பிடுற அளவுல எவ்வளவு நடக்குதுங்கிறது தனியா பாக்க வேண்டிய விஷயம். அந்த பையன்கிட்ட இதை சொன்னப்ப, "எங்கம்மா சாப்பிடுறது அனாஸ்ட்ரோசோல்தான்"னு சொன்னான், தினமும் ஒண்ணு, விடாம கொடுன்னு சொல்லி அனுப்பினேன்.